டொக்டர் வோட்டுக் கேட்டுப் போன வீடு

இதில ஒருத்தற்றை பேரும் வராது. என்ரை வேலை அப்பிடி. தோர்ண்டன் ஹீத்தில என்ரை மனுசன் டொக்டராய் இருக்கிற சேர்ஜரியில முன்மேசையில இருந்து போன் எடுக்கிறது நான்தான். சேர்ஜரி எண்டவுடன வெட்டிக் கொத்துற இடமெண்டு நினைக்காதேங்கோ. காய்ச்சல் தடிமனுக்குப் போற இடத்துக்கு லண்டனில அதுதான் பேர். ஆருக்குத் தலை சுத்துது, ஆருக்குச் சலம் போகேல்லை, ஆற்றை மகளுக்குப் பிள்ளை தங்கேல்லை எண்டதெல்லாம் என்ரை காதுக்குள்ளாலதான் போகும். பிறகு அதே ஆக்களைக் கோயிலில கண்டாலும், கடையில கத்தரிக்காய் தெரிஞ்சு எடுக்கேக்கை கண்டாலும், ஒண்டும் தெரியாத மாதிரிச் சிரிச்சுப்போட்டு விலகிப் போகோணும். கன வருசமாய்ச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாய் கோணிப்போச்சு. இதை எழுதலாமோ எண்டு நான் சொல்லப்போற வீட்டு அக்காவிட்டைப் போய்க் கேட்டனான். "எழுது, பேரைப் போடாதை" எண்டவ. பிறகு வாசல் வரைக்கும் என்னோட வந்து, "என்ரை மனுசன் பெரிய பகிடிக்காரன் எண்டதையும் எழுது" எண்டவ.

எனக்கு எதுக்கும் பயம். அடுப்பை நிப்பாட்டினனோ எண்டு பஸ் ஸ்டொப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து பாக்கிற ஆள் நான். போன் அடிச்சாப் பயம், அடிக்காட்டி அதைவிடப் பயம். பயம் வந்தால் கூடவே கொதியும் வரும். ரெண்டும் என்ரை உடம்பில ஒரே குழாயால வாற தண்ணி. அதால தெரிஞ்ச சனம் என்னை வாய்க்காரி எண்டுதான் சொல்லும். பயந்தாங்கொள்ளி எண்டது என்ரை மனுசனுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பிடி எல்லாம் தெரிஞ்ச மனுசன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்துகொண்டு சொல்லுறார், "இஞ்சாரும், என்னைக் கவுன்சில் எலெக்ஷன் கேக்கச் சொல்லுறாங்கள்."

"ஆர் சொல்லுறது?"

"கட்சிக்காரர்தான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

யோசிச்சுச் சொல்லுறன் எண்டு இவர் சொன்னால், ஓம் எண்டு சொல்லிப்போட்டார் எண்டு அர்த்தம். எங்கடை கலியாணப் பேச்சிலயும் அப்பிடித்தான் சொன்னவராம். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போயிட்டன். பின்னால வந்தார். ஈரச் சுவர் வீடுகளில இருந்து வாற பிள்ளையளுக்கு இழுப்புக்கு மருந்து எழுதி எழுதிக் கை நோகுதாம். பிள்ளைக்கு மருந்து எழுதலாம், சுவருக்கு ஆர் எழுதிறது எண்டு கேட்டார். கேள்வி நியாயமான கேள்விதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். விசர்க்கதை கதைச்சிருந்தால் லேசாய்ப் பேசித் துரத்தியிருப்பன்.

அடுத்த நாள் எனக்கு விளங்கப்படுத்த எண்டு ஒரு பேப்பரை அச்சடிச்சுக்கொண்டு வந்தார். நான் போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தன், இவர் முன்னால நிண்டு வாசிச்சார். பத்தொன்பதாம் நூற்றாண்டில அமெரிக்காவில இருந்த ஒரு டொக்டரின்ரை கதை. நாட்டுப்புறத்தில வைத்தியம் பாத்தவராம். குதிரையில போய்ப் பிள்ளைப்பேறு பாத்தாராம், காய்ச்சல்காரருக்கு மருந்து குடுத்தாராம். பிறகு ஊர்ச்சனம் அவரைத் தங்கடை மாநிலச் சபைக்கு அனுப்பிச்சுதாம். அங்கையிருந்து தலைநகரத்துக்கு. அதுக்குப் பிறகு வைத்தியத்துக்குத் திரும்பி வரவேயில்லை.

"பாத்தீரே? டொக்டர்மார் அரசியலுக்குப் போறது ஒரு புதினமும் இல்லை" எண்டார்.

"அவற்றை நோயாளியளை ஆர் பாத்தது?"

"என்ன?"

"அந்தாள் சபைக்குப் போயிட்டார். காய்ச்சலோட கிடந்த சனத்தைப் பிறகு ஆர் பாத்தது?"

மனுசன் பேப்பரைத் திருப்பிப் பாத்தார், பின்பக்கத்தையும் பாத்தார். "அது போடேல்லை" எண்டார். அவற்றை மனுசியைப் பற்றி என்ன போட்டுக் கிடக்கு எண்டு கேட்டன். ஒரு வரி இருந்தது. கலியாணம் செய்தார் எண்டு. அவ்வளவுதான். போஞ்சிக்காயை நான் வெட்டின வேகத்தைப் பாத்திட்டு இவர் மெல்ல வெளியில போயிட்டார். பிறகு அந்தப் பேப்பரை நானே எடுத்து ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். அந்த மனுசி ராத்திரியில குதிரைச் சத்தம் கேக்குதோ எண்டு காது குடுத்துக்கொண்டு கிடந்திருப்பா. அதெல்லாம் ஆர் எழுதப்போறாங்கள்?

நிண்டார். எலெக்ஷனில நிக்கப்போறார் எண்டு அறிவிச்ச நாளில இருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இவற்றை முகம் போட்ட துண்டுப் பிரசுரம் ஆக்களின்ரை வாசலில மிதிபட்டுக் கிடக்கிறதைக் கண்டால் பொறுக்கித் துடைச்சுப் பைக்குள்ள வைப்பன். விடிய சேர்ஜரி, மத்தியானத்துக்குப் பிறகு வேற ஒரு டொக்டர் வந்து பாப்பார், இவர் தெருவுக்கு. கட்சியில ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனுசிதான், எந்தத் தெருவுக்குப் போகோணும் எண்டு போனில அனுப்புவா. சேர்ஜரியில இருக்கிற ஒரு விலாசத்தைக்கூடத் தொடமாட்டன், கட்சி சொல்லுற தெருவுக்குத்தான் போவன் எண்டு இவர் முதலே சொல்லிப்போட்டார். சரி, சொல்லலாம். ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில எந்தத் தெருவில எந்தத் தமிழ்க் கதவைத் தட்டினாலும் அது இவற்றை நோயாளியின்ரை கதவுதான். என்ன செய்யிறது?

சனம் இவரை வோட்டுக் கேக்க விட்டால்தானே. கதவைத் திறந்தவுடன, "டொக்டர், நல்லவேளை வந்தீங்கள்" எண்டு ரவுசரை முழங்காலுக்கு மேல உருட்டி வீக்கத்தைக் காட்டுவினம். உள்ளுக்குப் போய் மருந்துப் பையைக் கொண்டு வந்து கொட்டி, இதில எது விடிய, எது பின்னேரம் எண்டு கேப்பினம். ஈரச் சுவரைப் பற்றிக் கதைக்கப் போன மனுசன், வாசலில நிண்டு குளிசை பிரிப்பார். முசுப்பாத்தியாய்த்தான் இருந்தது. நான் கூடப் போனது அதுக்குத்தான், ஆளை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக.

இந்த நேரத்திலதான் அந்தப் பகிடிக்கார அண்ணையின்ரை கதை தொடங்குது. லண்டனில பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். எங்கடை சேர்ஜரியில அவரைத் தெரியாத ஆள் இல்லை. விடிய போன் லைன் திறக்கிற நேரம் ஊரே அடிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், அதுக்குள்ள எப்பிடியோ முதல் ஆளாய் வருவார். "தங்கச்சி, உங்கடை போன் லைனைவிட என்ரை பஸ் கெதியாய் வந்தது" எண்டு தொடங்குவார். அந்த மாசி பங்குனியில ஆள் மெலிஞ்சு போனார். பெல்ட்டில புதுசாய் ஓட்டை குத்திப் போட்டிருந்தார். சாப்பாடு இறங்குதில்லை, முதுகுப் பக்கம் ஒரு நோவு. என்ரை மனுசன் அவரைக் கட்டிலில கிடத்தி வயித்தை அமத்திப் பாத்திட்டு, கெதியாய் ஸ்கான் எடுக்க எழுதினார். எழுதேக்கை இவற்றை முகத்தை நான் கண்டன்.

ஸ்கான் எடுத்தாச்சு. ரிசல்ட்டைக் காணேல்லை. அண்ணை ஒவ்வொரு நாளும் விடிய அடிப்பார்.

"தங்கச்சி, இண்டைக்கும் இல்லையோ?"

"இன்னும் வரேல்லை அண்ணை. வந்தவுடன நாங்களே சொல்லுவம். போனில ஆப் போட்டால் நீங்களே பாக்கலாம், போட்டுத் தரட்டே?"

"சீ, மெசினிட்டை இருந்து நான் கேக்கமாட்டன். டொக்டர் வாயால சொல்லோணும்."

பகிடியாய்த்தான் சொல்லுவார். ஆனால் வைக்கேக்கை ஒரு மூச்சு விடுவார், அது எனக்குக் கேக்கும். வேற ஆற்றையோ ரிசல்ட்டுக்காக நானும் காத்துக்கொண்டிருந்தன் எண்டு சொன்னால் சனம் சிரிக்கும். ஆனால் அப்பிடித்தான் இருந்தது. திரையில அவற்றை பேருக்குப் பக்கத்தில ஏதும் வந்துகிடக்கோ எண்டு போன் வைக்கிற இடைவெளியெல்லாம் பாப்பன்.

இதுக்குள்ள உங்களுக்கு ஒரு விசயம் தெரியோணும். எங்கடை ஆக்கள் கெட்ட செய்தியைப் போனில சொல்லமாட்டினம். ஊரில சண்டை நடந்த காலத்தில, ஒருத்தற்றை தம்பியோ தாயோ போயிட்டா, அங்கயிருந்து செய்தி நேர அந்த ஆளுக்கு வராது. லண்டனில இருக்கிற தெரிஞ்ச குடும்பத்துக்குத்தான் வரும். அவையள் புருசனும் பெண்சாதியுமாய் உடுப்பு மாத்தி, சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய் பெல் அடிப்பினம். ஆம்பிளை ஆம்பிளையைப் பிடிச்சுக்கொள்ள, பொம்பிளை பொம்பிளையைப் பிடிச்சுக்கொள்ள. நானே அப்பிடி எத்தினை வீட்டுக்குப் போயிருக்கிறன். அதால எங்கடை வயசு ஆக்களுக்கு, போன் பண்ணாமல் ஒரு சோடி வாசலில நிண்டால் உயிர் போய்த் திரும்பும். எல்லாம் தெரிஞ்ச எனக்கு, அந்தப் பின்னேரம் அது ஞாபகம் வரேல்லை.

சித்திரை வெயில். கட்சிப் பெண்மணி அனுப்பின தெருவுக்குள்ள போறம். நான் ஒரு கறுப்புக் கோட், இவர் சேர்ஜரிக்குப் போட்ட அதே சேர்ட்டும் ரையும். வேட்பாளர் எண்டால் நெஞ்சில கட்சி நிறத்தில ஒரு ரிப்பன் பூக் குத்தோணும், குடுத்துத்தான் விட்டவை. இவருக்கு வெக்கம். பரிசு வாங்கின மாடு மாதிரிக் கிடக்கு எண்டு கழட்டி பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டார். துண்டுப் பிரசுரம் எல்லாம் என்ரை பைக்குள்ள. ஒரு வீட்டுப் பெல்லை இவர் அடிச்சார்.

கதவைத் திறந்தது அந்த அக்கா. அண்ணையின்ரை மனுசி. எனக்கு அவவைத் தெரியும், வீடு இதெண்டு தெரியாது. எங்களைக் கண்டா. என்ரை கோட்டைப் பாத்தா, இவற்றை ரையைப் பாத்தா, திரும்பவும் என்னைப் பாத்தா. பின்னால நடைக்குள்ள அண்ணை ரிவியை நிப்பாட்டிப்போட்டு வந்தவர், எங்களைக் கண்ட இடத்தில அப்பிடியே திகைச்சுப்போய் நிண்டார். பிறகு சுவரைப் பிடிச்சார். பிடிச்சபடி அப்பிடியே வழுக்கி மாடிப்படியில இருந்திட்டார்.

"சொல்லுங்கோ டொக்டர்" எண்டார். "மனுசியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள். சொல்லுங்கோ."

என்ரை அம்மாளாச்சி! அப்பத்தான் எனக்கு உறைச்சது. இவருக்கு இன்னும் விளங்கேல்லை, "அண்ணை, இது உங்கடை வீடெண்டு எனக்குத் தெரியாது" எண்டு எதையோ சொல்ல வெளிக்கிடுறார். நான் இவரை இடிச்சுத் தள்ளிக்கொண்டு உள்ளுக்குப் போய் நிலத்தில குந்தி, "அண்ணை, அண்ணை, வோட்டுக்கு வந்தனாங்கள். வோட்டுக்கு! ரிசல்ட் இன்னும் வரேல்லை" எண்டு கத்தினன். பைக்குள்ள இருந்து துண்டுப் பிரசுரத்தைக் கட்டோட எடுத்து அவற்றை மடியில போட்டன். இவற்றை முகம் மேலால சிரிச்சுக்கொண்டு கிடந்தது.

அண்ணை அதைப் பாத்தார், பாத்திட்டு இவரைப் பாத்தார். "வோட்டுக்கோ?" எண்டார்.

"ஓம் அண்ணை" எண்டார் இவர்.

அதுக்குப் பிறகு அந்த மனுசன் சிரிச்ச சிரிப்பு! சிரிச்சு, இருமி, கண்ணால தண்ணி ஓடி, திரும்பவும் சிரிச்சார். அக்கா என்ரை தோளில முகத்தை வைச்சு அழுதிட்டு, அழுதபடியே, "உங்களுக்கு அறிவிருக்கே, ரெண்டு பேரும் இப்பிடி வந்து நிக்கிறதே?" எண்டு என்னைப் பேசினா. பேசுங்கோ அக்கா, நல்லாய்ப் பேசுங்கோ எண்டன். பிறகு விட்டினமே? தேத்தண்ணி, முறுக்கு, கேக்குத் துண்டு. சாப்பாடு இறங்குதில்லை எண்ட மனுசன் எங்களோட சேந்து ஒரு முறுக்கைக் கடிச்சார். அதைக் கண்ட அக்காவின்ரை முகத்தைச் சொல்லேலாது.

வெளிக்கிடேக்கை நான் இவற்றை பொக்கற்றுக்குள்ள கையை விட்டு ரிப்பனை எடுத்து நெஞ்சில குத்திவிட்டன், கோவத்தில கொஞ்சம் தோலிலயும் பட்டிருக்கும். அண்ணை வாசலில நிண்டு, "அதுதான் சரி. இனி வாறதெண்டால் அந்தப் பூவையும் குத்திக்கொண்டு, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ டொக்டர். தனிய வந்தியள் எண்டால் அது ரிசல்ட்தான், நான் கதவு திறக்கமாட்டன்" எண்டார். எல்லாரும் சிரிச்சம்.

அடுத்த நாள் விடிய நான் போன் எடுத்துக்கொண்டிருக்க, உள்ளறையில இருந்து இவர் அடிச்சார். "இஞ்சாரும், ஒருக்கா உள்ளுக்கு வாரும்." வேலையிடத்தில இவர் என்னை அப்பிடிக் கூப்பிடுறதில்லை. போனன். கதவைச் சாத்தச் சொன்னார். திரையை என்ரை பக்கம் திருப்பேல்லை, திருப்பத் தேவையும் இருக்கேல்லை. ஆஸ்பத்திரிக்கு அவசரமாய் எழுதோணும், நான்தான் அதை அனுப்பிறது, அதால சொன்னார். கணையத்தில கான்சர். ஈரலுக்கும் பரவியிட்டுது.

"எப்ப வந்தது?" எண்டு கேட்டன்.

"நேற்றுப் பின்னேரம். நான் வெளிக்கிட்ட பிறகு."

நாங்கள் அந்த வீட்டில முறுக்குக் கடிச்சுக்கொண்டிருந்த நேரம், அது இஞ்சை வந்து கிடந்திருக்கு. ஒரு ராத்திரி முந்திப் பாத்திருந்தால் நோய் மாறப்போறதில்லை. அது எனக்கும் தெரியும், இவருக்கு என்னைவிட வடிவாய்த் தெரியும். ஆனால் மனுசன் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கொண்டு, "அவற்றை வாசலில நிண்டு வோட்டுக் கேட்டிருக்கிறன் நான்" எண்டு சொல்லிக்கொண்டேயிருந்தார்.

திரும்பி வந்து கதிரையில இருக்கிறன், போன் அடிக்குது. அண்ணை.

"தங்கச்சி, இண்டைக்கு ரிசல்ட்டுக்கு இல்லை. டொக்டரிட்டைச் சொல்லும், பக்கத்து வீட்டு ஆக்களின்ரை வோட்டும் பேசி முடிச்சாச்சு எண்டு. நேற்று ராத்திரி நல்ல நித்திரை. கன நாளைக்குப் பிறகு."

"நல்லது அண்ணை" எண்டன். "சொல்லுறன் அண்ணை." வேற என்னத்தைச் சொல்ல? என்ரை வாயால அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. போனை வைச்சிட்டுக் கழுவுற அறைக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதன். வெளியில சனம் வரிசையில நிக்குது, மூக்கைச் சீறிப்போட்டுத் திரும்பி வந்து சிரிச்சன்.

முறைப்படி, ஆளை உடனை சேர்ஜரிக்கு வரச்சொல்லிக் கூப்பிடோணும். நான் அதைத்தான் சொன்னன். இவர் மாட்டன் எண்டிட்டார். "இண்டைக்குப் போன் பண்ணி வாங்கோ எண்டால், அந்த மனுசன் வோட்டு எண்டு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு பஸ்ஸில வரும். நேற்று வோட்டுக்குப் போகத் தெரிஞ்ச வீட்டுக்கு இண்டைக்கு இதுக்குப் போகத் தெரியாதே எனக்கு? நான் போறன்."

"அப்ப நானும் வாறன். அக்காவைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"நீர் வந்தால் அவர் சிரிப்பார். அவர் சொன்னது உமக்கு ஞாபகமில்லையே? உம்மைக் கண்டவுடன வோட்டு எண்டு நினைச்சுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் எப்பிடி நிப்பாட்டுறது?"

எனக்குக் கொதி வந்திட்டுது. "தனிய போனால் வாசலிலயே விழுந்திடுவார், அது பரவாயில்லையோ?" எண்டு கேட்டன். ரெண்டு பேரும் மருந்துப் பெட்டியளுக்கு நடுவில நிண்டு, குரலை அடக்கிக்கொண்டு சண்டை பிடிச்சம். கடைசியில, நான் காருக்குள்ள இருக்கிறது, இவர் உள்ளுக்குப் போய்ச் சொன்ன பிறகு நான் அக்காவிட்டைப் போறது எண்டு முடிவாச்சு. அதுக்குள்ள கட்சிப் பெண்மணி எனக்கு அடிச்சா, மத்தியானம் ஸ்டேசனடியில துண்டுப் பிரசுரம் குடுக்க வேட்பாளர் வரேல்லையோ எண்டு. "வேட்பாளர் இண்டைக்கு இல்லை, டொக்டர் வேலையில இருக்கிறார்" எண்டு சொல்லி வைச்சிட்டன். பாவம், அவவுக்கு ஒண்டும் விளங்கியிராது.

வெண்டாரோ தோத்தாரோ எண்டு நீங்கள் கேப்பியள், அதை இதிலயே சொல்லிப்போடுறன். வெண்டார். இப்ப பின்னேரத்தில கவுன்சில் கூட்டத்துக்குப் போறார், ஈரச் சுவருக்குச் சண்டை பிடிக்கிறார். ஆனால் போக முதல் சேர்ஜரிக்குத் திரும்பி வந்து, அண்டைக்கு வந்த ரிசல்ட் ஒவ்வொண்டையும் திறந்து பாத்திட்டுத்தான் போவார். கூட்டத்துக்குப் பிந்தி வாறார் எண்டு அங்கை முறைப்பாடாம். முறையிடட்டும்.

அண்டைக்கு மத்தியானம் அண்ணை வீட்டுக்குக் காரில போகேக்கை, தெருமுனையில சிவப்பு லைட்டில நிண்டபோது இவர் திடீரெண்டு, "அந்த அமெரிக்கன் டொக்டருக்கும் இப்பிடி ஒருத்தர் இருந்திருப்பார், என்ன?" எண்டார்.

"இருந்திருப்பார்" எண்டன். "போடேல்லை."

அந்த வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, எதிர்ப்பக்கத்தில காரை விட்டார். ரையைக் கழட்டிப் பின் சீற்றில போட்டார், பிறகு யோசிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டினார். முடிச்சை நான்தான் சரியாக்கிவிட்டன். பொக்கற்றுக்குள்ள அந்த ரிப்பன் கிடந்ததை எடுத்து என்ரை கையில தந்திட்டு இறங்கினார். இவர் ரோட்டைக் கடந்து போறதைப் பாத்துக்கொண்டு, கண்ணை மூடினால் ஏதோ நடந்திடும் எண்ட மாதிரி மூடாமல் இருந்தன். முருகா, அக்கா திறக்கட்டும் எண்டு வேண்டினன். ஏன் அப்பிடி வேண்டினன் எண்டு இப்பவும் தெரியாது.

அண்ணைதான் திறந்தார். வீட்டுச் சறம், மேல ஒரு கம்பளிச் சட்டை, கையில அரைவாசி வாசிச்ச பேப்பர். முதலில இவற்றை நெஞ்சைத்தான் பாத்தார். பிறகு இவருக்குப் பின்னால பாத்தார், வாசல் படலையடியைப் பாத்தார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார் போல, அண்ணை கையால பொறுங்கோ எண்டு காட்டிப்போட்டு, வாசலுக்கு ஒரு அடி வெளியில வந்து தெருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தேடினார். எங்கடை காரைக் கண்டார். கண்ணாடிக்குள்ளால என்னைக் கண்டார். கண்டவுடன அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி! பேப்பர் பிடிச்ச கையைத் தூக்கி, இறங்கி வா தங்கச்சி, இறங்கி வா எண்டு காட்டினார்.

என்ரை ஒரு கை கார்க் கதவின்ரை பிடியில. மற்றக் கைக்குள்ள ரிப்பன். இறங்கு, இறங்கிப் போய் அந்த மனுசனுக்கு முன்னால நில் எண்டு உடம்பு முழுக்கச் சொல்லுது. இறங்கினால் அவருக்கு அது வோட்டு. ரோட்டைக் கடந்து போய்ச் சேருற நேரம் வரைக்கும் வோட்டு. அவ்வளவு நேரத்தையாவது குடுக்கலாமே எண்டு நினைச்சன். பிறகு இவற்றை முதுகைப் பாத்தன், தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். நான் இறங்கேல்லை. சிரிக்கவாவது பாத்தன். கன வருசமாய் எல்லாருக்கும் சிரிச்ச சிரிப்பு அண்டைக்கு எனக்கு வரேல்லை.

அண்ணையின்ரை கை கொஞ்சநேரம் அப்பிடியே மேல நிண்டது. பிறகு இறங்கிச்சுது. பேப்பரை மடிச்சுக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு, கதவை அகலத் திறந்து, ஒரு பக்கமாய் ஒதுங்கி நிண்டு, "வாங்கோ டொக்டர்" எண்டார். எனக்கு அது கேக்கேல்லை. வாய் அசைஞ்சதைக் கண்டன்.